எந்தப் பாட்டு பிடிக்கும்னு கேட்காதீங்க

பெரியவர்களிடம் பழைய பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்?" எங்கள் பக்கம் அதற்கு ஒரே பதில்தான் வரும்: "எல்லாந்தான் பிடிக்கும்." அத்தோடு பேச்சு முடிந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "பிள்ளைய எத்தனாங் கிளாஸ் படிக்கி?" என்று வேறு பக்கம் போய்விடுவார்கள். அதே ஆளிடம் "எங்கன வச்சு கேட்டிய?" என்று கேட்டால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடுகிற வரைக்கும் பேசுவார்.

திருநெல்வேலி ஜில்லாவில் சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து டிவி பார்க்காமல் இருக்கச் சொல்லியிருந்த நாட்களில், சாயங்காலம் வீட்டு முன்பக்கத் தார்சாவில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட ஆரம்பித்தோம். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆச்சி வந்தார்கள், மேலத்தெரு சித்தப்பா வந்தார், பிறகு ஒவ்வொருவராக. கண் சரியான பிறகும் கூட்டம் கலையவில்லை. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறோம். ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், சீரியல் இருக்கிறது. பேர்தான் பாட்டுக் கேட்கிறது. முக்கால்வாசி நேரம் பேச்சுதான்.

பாட்டு அந்தக் காலத்தில் அநேகமாக யார் வீட்டிலும் இருக்கவில்லை. வெளியே எங்கிருந்தோ வந்தது. கோயில் கொடைக்குக் கட்டின குழாயிலிருந்து, டீக்கடை ரேடியோவிலிருந்து, டூரிங் டாக்கீஸில் படம் போடுமுன், கல்யாண வீட்டு ரெக்கார்டிலிருந்து. எதைப் போடுவது என்று தீர்மானித்தது வேறு யாரோ. காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். அதனால் "எந்தப் பாட்டு" என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை. எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலை செய்யும்போது என்றால் பாட்டு தன்னால் பின்னாடி வரும்.

இந்த ஜில்லாக்காரர்களுக்கு அந்த 'எங்கே' பெரும்பாலும் இலங்கை வானொலியில் போய் நிற்கும். இலங்கை வானொலி என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள், சிலோன் ரேடியோதான். 1952இல் பி.வி.கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்தபின் நம் ஊர் வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது. 1957இல் விவித பாரதியைத் தொடங்கித்தான் அதைச் சரிக்கட்டப் பார்த்தார்கள். திருநெல்வேலி நிலையம் வந்ததே 1963 டிசம்பரில். அதற்குள் காது கொழும்புக்குப் பழகிவிட்டது. கொழும்பு தூத்துக்குடியிலிருந்து நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னை அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. நடுவில் கடல் வேறு. மீடியம் வேவ் அலை உப்புத்தண்ணீர்மேல் தரையைவிட நன்றாகப் பாயும். அதனால்தான் உவரி, திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள் "எங்களுக்கு மெட்ராஸ்தான் வெளிநாடு" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ரேடியோ இருந்தது இரண்டோ மூன்றோ வீட்டில். வால்வு ரேடியோ. போட்டால் உடனே பாடாது, சூடேற வேண்டும். மச்சில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே செம்புக் கம்பி வலையை ஏரியலாகக் கட்டியிருப்பார்கள். முகப்பில் ஒரு பச்சை விளக்கு. ஸ்டேஷன் சரியாகச் சிக்கினால் அதிலுள்ள கறுப்பு நிழல் சுருங்கும். தபால் ஆபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற சார்வாள் ஒருத்தர். பாட்டுப் பெயர் ஒன்றும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. "அறிவிப்பாளர் எப்படிப் பேசுவாவ?" என்று அப்பா எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். சார்வாள் தொண்டையைச் செருமிக்கொண்டு மயில்வாகனன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசிக் காட்டினார். பிறகு மூச்சுவிடாமல் கே.எஸ்.ராஜா. ராஜேஸ்வரி சண்முகம் குரலை ஆச்சி ஒருத்தி எடுத்துக்கொண்டார். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' மாதிரியே எழுத்துக் கொடுத்து இரண்டு பேர் மோத ஆரம்பித்தார்கள். அரைமணி முன்னால் ஒரு பாட்டும் ஞாபகமில்லை என்றவர் 'க'வில் மட்டும் அடுக்கிக்கொண்டே போனார்.

ஆக, பாட்டு வராவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். அறிவிப்பு, 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி தொடங்கும் இசை, பிறந்தநாள் வாழ்த்தில் வாசித்த பெயர் வரிசை. பூட்டு அங்கேதான் திறக்கும்.

வயசுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. தாத்தா என்றாலே பாகவதர் பாட்டைப் போடுகிற பேரன்களைப் பார்க்கிறேன். பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்தது 1944இல். அதைப் பதினைந்து வயசில் பார்த்தவருக்கு இன்றைக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். இன்றைய எழுபது வயசுக்காரர் இளவட்டமாகத் திரிந்தபோது 'அன்னக்கிளி' வந்துவிட்டது, 1976. அவருக்கு இளமைக் காலப் பாட்டு என்றால் இளையராஜாதான். பிறந்த வருஷத்தோடு பதினைந்தைக் கூட்டுங்கள், அங்கிருந்து ஒரு பத்து வருஷத்துப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மனித நினைவை ஆராய்கிறவர்களும் பத்திலிருந்து முப்பது வயசுக்குள் நடந்ததுதான் வயோதிகத்தில் அதிகம் தங்கியிருக்கும் என்கிறார்கள். அப்பா எண்பதைத் தொடப்போகிறார். அவருக்கு விசுவநாதன்–ராமமூர்த்தி ஜோடி 1965இல் பிரிந்தது இன்னும் வீட்டுச் சண்டைதான். சேர்த்து வைக்க ஆள் இல்லாமல் போச்சே என்பார்.

அந்த எழுபதுக்காரர்களிடம் மட்டும் "எந்தப் பாட்டு" என்ற கேள்வி செல்லும். காரணம் கேசட். ரெக்கார்டிங் கடையில் போய், கோடு போட்ட தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கினவர்கள் அவர்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு பதிமூன்று பாட்டுதான் அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தவர்களுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு. மேலத்தெரு சித்தப்பா, கல்யாணத்துக்கு முன் பதிந்த கேசட்டின் ஏ சைடு வரிசையை இன்றைக்கும் பிசகாமல் சொல்கிறார். பி சைடு சித்தி எழுதிக் கொடுத்ததாம். அது அவருக்குத் தெரியாது.

பெண்களிடம் விஷயம் முற்றிலும் வேறு. உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன் என்று சொல்கிற ஆச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று எங்கே போனாலும் அந்த வயசுப் பெண்கள் பாட்டுக் கேட்டது பீடி சுற்றிக்கொண்டு. சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்து, ஈர இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு நின்றது. யாரோ ஒருத்தி வீட்டில் டிரான்சிஸ்டர் இருந்தால் நாலு வீட்டுச் சுளவும் அந்தத் திண்ணைக்கு வந்துவிடும். எதிர்வீட்டு ஆச்சி சொன்னது: "மணி யாரு பாத்தா? பொங்கும் பூம்புனல் முடியதுக்குள்ள இத்தன கட்டுன்னு கணக்கு. ஞாயித்துக்கெழம ஒலிச்சித்திரம் போடுவான், அன்னைக்கு மட்டும் கை தன்னால வேகமாப் போவும்."

இந்த ஆச்சிதான் முதல் மாதங்களில் ஒரு வரிகூடப் பாடாதவர்கள். "எனக்கு என்ன தெரியும்" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் வெள்ளிக்கிழமைக்கு வாங்கின பிச்சிப்பூ உதிரியாகக் கிடந்தது. என் மனைவி வாழைநாரும் பூவுமாகக் கொண்டுவந்து, "கட்டித் தாங்க அத்தே" என்று மடியில் வைத்தாள். ஒரு முழம் ஆகியிருக்காது. நாரை இரண்டு விரலில் சுற்றி இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சொல் என்று பாட்டு வந்தது. முதலில் முணுமுணுப்பு, இரண்டாம் அடியில் குரல். பூ தீர்ந்ததும் பாட்டும் நின்றுவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து மொச்சை உரிக்க, முருங்கைக்கீரை ஆய என்று ஏதாவது ஒன்றை நடுவில் வைத்துவிடுகிறோம். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குப் பாட்டு வருகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு நடவிலும் பாடிப் பழகினவர்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு பாடு என்றால் எப்படி வரும்?

இன்னொன்று, புருஷனும் பெண்சாதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டாம். அவர் இருந்தால் இந்த அம்மா பேசாது. பேசினாலும் "அது அந்தப் படம் இல்லளா" என்று அவர் திருத்திக்கொண்டே இருப்பார். பெண்களை இரண்டாங்கட்டில் உட்கார வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

திருத்துவது பற்றி ஒரு கதை. எங்களுக்குப் பக்கத்து ஊர்தான் காருகுறிச்சி. அருணாசலம் நாதஸ்வரம் என்றால் இங்கே எல்லாருக்கும் ஏதோ ஒரு பாத்தியதை. வண்டிக்காரத் தாத்தா ஒருத்தர், தன் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் காருகுறிச்சியார் வந்து வாசித்ததைப் பந்தல் கால் முதற்கொண்டு சொன்னார். கேட்கக் கேட்க நாங்களே அந்தத் தெருவில் நின்றோம். பிறகு பார்த்தால் அந்தக் கல்யாணம் 1967இல். காருகுறிச்சியார் 1964இலேயே போய்விட்டார். சொன்னது பொய்யா? இல்லை. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகி குரலோடு அவர் நாதஸ்வரம் சேர்ந்து ஒலித்த 'சிங்கார வேலனே' ரெக்கார்டு இந்தப் பக்கம் போடாத கல்யாண வீடு கிடையாது. முகூர்த்தத்துக்கு உள்ளூர் மேளம், மற்ற நேரமெல்லாம் குழாயில் அந்த ரெக்கார்டு. இரண்டும் ஐம்பது வருஷத்தில் ஒன்றாகிவிட்டது. நான் தாத்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் 'கல்யாணம் 1967, ரெக்கார்டாக இருக்கலாம்' என்று குறித்து வைத்தேன். கூட்டத்தில் அதைச் சொல்லியிருந்தால் அவர் அடுத்த மாதம் வந்திருக்க மாட்டார். வருஷத்தைப் பிடிக்க வேண்டுமானால் பாட்டைக் கேட்டுப் பிரயோசனமில்லை. யார் கல்யாணம், எந்தப் பிள்ளை அப்போது கைக்குழந்தை, எந்த வெள்ளத்துக்கு முன்னால் என்று கேளுங்கள். அதில் தப்பு வராது.

சில பாட்டு போடக் கூடாது, கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். சுடலைமாடன் கொடையில் சாமக்கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரர்கள் சாமியை வரவழைக்கப் பாடுகிற வரத்துப் பாட்டு அப்படி. கூட்டத்துக்கு வந்த ஒரு சாமியாடித் தாத்தாவின் பேரன் ஆர்வத்தில் போனில் அதை எடுத்துப் போட்டுவிட்டான். குடத்தில் அடி விழ ஆரம்பித்ததுமே தாத்தாவின் இடதுகால் குதி தரையில் தட்ட ஆரம்பித்தது. முகம் மாறியது. ஆச்சி எழுந்து, "ஏலே, நிப்பாட்டு, நிப்பாட்டு. விளையாட்டுச் சாமானா அது" என்று சத்தம் போட்டதும் நிறுத்தினான். தாத்தா தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, வீட்டுக்குப் போய்விட்டார். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது நம் பிரச்சினை. அவருக்கு அது பாட்டு இல்லை.

ஒப்பாரியும் அதே மாதிரி. நல்லா இருக்கிற வீட்டுக்குள் யாரும் பாட மாட்டார்கள், விளக்கு வைத்தபிறகு பேச்சே கிடையாது. பதிய வேண்டும் என்று கேட்டபோது ஆச்சி வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார்கள். போனைத் துண்டால் மூடி வைத்தால் காற்றுச் சத்தம் குறையும். பாதியில் பைக்கில் போன ஒருத்தர் நிறுத்தி, "யாரு வீட்ல ஆச்சி? எப்ப எடுக்காவ?" என்று துக்கமாக விசாரித்தார். பதிவில் அதுவும் இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த டீச்சர் ஒருத்தரால் நான் தெரிந்துகொண்டது வேறு வகை. சின்ன வயசில் சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது மெட்டுக்குத் துணையாக வரும் கீழ்க்குரல், பாடினவர். கிறிஸ்மஸ் கீதம் ஒன்றைப் பாடினார், யாருக்கும் என்ன பாட்டென்று புரியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஆல்ட்டோ வரிசை மட்டும். மேல்குரல் மெட்டை அவர் பாடினதே கிடையாது. மகள் மெட்டைப் பிடித்த பிறகுதான் இரண்டும் பொருந்தியது. தனியாகப் பாடச் சொன்னால் தப்பாகத் தோன்றுகிற பாட்டு, துணைக்கு ஒருத்தர் சேர்ந்தால் சரியாகிவிடும்.

எழுத யோசித்து எழுதுகிற ஒன்று. ஒரே பாட்டைத்தான் ஊர் முழுக்கக் கேட்டது, ஆனால் நின்ற இடம் வேறு வேறு. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ஒரு மாமா, "சிலோன் ரேடியோ நான் கேட்டது பூரா பாலத்துச் செவுத்துல உக்காந்துதான்" என்றார். ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணைக்கும் பாலத்துக்கும் நூறடி இருக்கும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர் அன்றைக்கு எதிரேதான் இருந்தார். ஏன் பாலத்தில் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். "எங்கன வச்சு கேட்டிய?" என்று கேட்கிறவர்கள் இப்படிப்பட்ட பதிலுக்கும் தயாராக இருக்கணும். அதைப் பொதுவில் தோண்டாமல், பிறகு அவர் வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது நீளம். தன் பெயர் போடாமல் எழுதலாம் என்றிருக்கிறார், அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. வயசாக ஆக உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். போனின் சின்ன ஸ்பீக்கரில் வருவது பெரும்பாலும் அதுதான். அதனால் "சத்தம் கூட்டு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கூட்டினால் இரைச்சல்தான் கூடும். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கராக, அடிக்குரல் கேட்கிறதாக வையுங்கள். நல்ல காது எது என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள், பதிவு செய்யும்போது போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் வையுங்கள். யூடியூபில் நேரடியாகப் போடுவதில் ஒரு தொல்லை: சரணம் வரும்போது சிமெண்ட் விளம்பரம் வரும். அதே பெயரில் கீபோர்டு வைத்துப் புதிதாகப் பாடினதும் வரும். பெரியவர்கள் முதல் நொடியிலேயே "இது அது இல்ல" என்பார்கள். முன்கூட்டியே கேட்டுப் பார்த்து எடுத்து வையுங்கள்.

பழைய கேசட் கிடைத்தால் உடனே டேப்பில் போடாதீர்கள். ஜன்னல் வழியாகப் பாருங்கள், நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்லதாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, பிறகு போடலாம். சித்தப்பா கேசட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்ன பஞ்சுத்துண்டு விழுந்துபோயிருந்தது, சத்தம் மங்கலாக வந்ததற்கு அதுதான் காரணம். வேறு ஒரு வேண்டாத கேசட்டைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டினோம். இப்போது ஏ சைடு முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. பி சைடைச் சித்தி இருக்கும்போதுதான் போட வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். சித்தி பேரனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறாள், ஆனித் தேரோட்டத்துக்கு வந்துவிடுவாள்.